மழை வகுத்த மலைகள்



விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு என்ன நேரும் என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். மங்கில் விழுந்த பாலிலும் தண்ணீர் கலந்துவிடும். பெரட்டுக்கு வந்தவர்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருந்து, வேலை இல்லையென்று வீடு திரும்பிய நாள்கள் எத்தனையோ! சுங்கை பூலோ வட்டாரத்துத் தோட்டங்களில் மழை என்பது சம்பளக் கணக்கோடு சேர்ந்த சொல். அதனால்தான் தோட்ட அலுவலகத்து முற்றத்தில் மழை அளக்கும் குழாய் ஒன்றை நட்டு வைத்தார்கள். கிராணி காலைதோறும் அதைப் பார்த்து, நேற்று எத்தனை அங்குலம் என்று ஏட்டில் எழுதுவார். அந்தக் கணக்கின்படி நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 அங்குலம், அதாவது 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது.

இப்போது அதே குழாயைக் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் நடுவோம். அங்கு எவ்வளவு மழை பெய்யும் என்று நினைக்கிறீர்கள்? இருமடங்கு, மும்மடங்கு என்று பலர் எண்ணக்கூடும். உண்மையில் 100 அங்குலத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஆனால் அங்குள்ள செடி கொடிகளுள் ஒன்றேனும் சுங்கை பூலோவில் வளர்வதைப் போன்றதா? அங்கே ரப்பர் செழிக்காது. அங்கே மரக்கிளைகள் பாசியால் போர்த்தப்பட்டிருக்கின்றன. இங்கே அப்படி இல்லை. மழைக்கணக்கு ஏறக்குறைய ஒன்றாயிருக்கச் செடிகள் மட்டும் இப்படி மாறுவது ஏன்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். விடை தேடிச் சென்றவர்களின் வரலாறும் இதில் அடங்கும்.

மலையில் ஏற ஏறச் செடிகள் மாறுவதை ஒழுங்காக எழுதி வைத்தவர்களில் முன்னோடி, ஜெர்மானிய அறிஞர் அலெக்சாந்தர் ஹம்போல்ட். 1802ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் தென் அமெரிக்காவிலுள்ள சிம்போராசோ மலையில் 19,000 அடிக்கு மேல் ஏறினார். உச்சியைத் தொட முடியவில்லை. ஆனால் இறங்கி வந்தபின் அவர் தீட்டிய படம் உச்சியைவிடப் புகழ் பெற்றது. மலையைக் குறுக்கே வெட்டி வைத்ததுபோல் வரைந்து, எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று அதன்மேலேயே பெயர் எழுதினார். 1807இல் அது அச்சாகி வெளிவந்தது. படத்தின் இரு புறமும் கட்டங்கள் போட்டு, அந்தந்த உயரத்தில் எவ்வளவு குளிர், காற்றில் எவ்வளவு ஈரம் என்றும் குறித்திருந்தார். படத்தைப் பார்த்த உலகம் உயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டது. ஈரத்தைப் பற்றி அவர் எழுதியதைக் கவனித்தவர்கள் குறைவு.

உயரம் மட்டுமே காரணம் என்றால், ஒரே உயரத்தில் மலையின் இரு பக்கமும் ஒரே மாதிரியான செடிகள் இருக்க வேண்டுமல்லவா? அப்படி இல்லை என்பதற்குச் சான்று தேடிச் சிம்போராசோவுக்குப் போக வேண்டாம். நம் பாட்டன் பூட்டன்மார் விட்டு வந்த ஊர்களுக்குப் பின்னால் நிற்கிற மேற்குத்தொடர்ச்சி மலையே போதும்.

ஜூன் மாதத்தில் அரபிக்கடலிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலையில் மோதுகிறது. மோதிய காற்று மேலே ஏற வேண்டும்; ஏறும்போது குளிரும்; குளிர்ந்த காற்றால் தன் ஈரத்தைச் சுமக்க முடியாது. ஆகவே மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. மலையேறும்போது பாரத்தை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறவனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்பாறைப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதே மலைக்குக் கிழக்கே, கீழே இருக்கிற கோயம்புத்தூருக்கு 700 மில்லிமீட்டர் கிடைப்பதே அரிது. மேற்கே என்றும் பசுமையான காடு. அதில் மிளகும் ஏலமும் தாமாகவே விளைந்தன. கிழக்கே வேலமரமும் கள்ளியும் கற்றாழையும். இந்தக் கிழக்குப் பக்கத்தை மழைமறைவுப் பகுதி என்று புவியியலார் கூறுவர்.

நீலகிரியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மேற்கு ஓரத்திலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஊட்டி, ஆண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கும் மேலானது அது! மலையின் மடிப்புகளில், ஈரம் தங்கும் இடங்களில் சோலைக்காடு; அதை ஒட்டிய சரிவுகளில் புல்வெளி. குறிஞ்சியும் காட்டுப்பூவரசும் இந்தப் புல்வெளிகளில் பூக்கின்றன. வடக்கே முதுமலைக்கு இறங்கினால் தேக்கு வருகிறது. அதற்கும் கிழக்கே முட்புதர். ஒரு பகல் பயணத்தில் பல நாடுகளைக் கடந்தது போன்ற தோற்றம்.

பழந்தமிழர் நிலத்துக்குப் பெயர் வைத்த முறை இங்கே நினைவுக்கு வருகிறது. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. ஒரு பூவின் பெயர் அது. பாலைக்கு மட்டும் தனி நிலம் சொல்லப்படவில்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டு வறண்டால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். மழை தவறினால் மலையும் மலையாக நிற்பதில்லை என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார்.

மழை தவறினால் மனிதர்களும் நிற்பதில்லை. 1876இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தக் கொடுமையைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்கள் கடுமையாக அடிபட்டன. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட குறைந்த மழை ஊர்களைச் சேர்ந்தவர்கள். வானத்தை நம்பிப் புன்செய்யில் கம்பும் சோளமும் விதைத்தவர்கள், ஆண்டுக்கு 100 அங்குலம் மழை பெய்கிற காட்டைத் திருத்த வந்தார்கள். அவர்கள் மலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் எங்கும் ஒரே மழை என்பது தவறான எண்ணம். தீபகற்பத்தின் முதுகெலும்பாகத் தித்திவங்சா மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குக் காற்றின் மழையைக் கிழக்குக்கரை வாங்கிக்கொள்கிறது. மலைத்தொடர் மறைப்பதால் நமக்கு அதில் பங்கு குறைவு. தென்மேற்குக் காற்றையோ சுமத்திரா மலைகள் தடுத்துவிடுகின்றன. ஆகவே சிலாங்கூரில் பெரும்பாலான மழை இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில், பிற்பகல் இடியோடு வருகிறது. தைப்பிங் நகருக்கு மேலே உள்ள புக்கிட் லாருட், பழைய பெயரில் மேக்ஸ்வெல் மலை, தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் இடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீட்டர். மலைகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கும் நெகிரி செம்பிலானின் ஜெலுபுக்கு 1,650 மில்லிமீட்டர் அளவே கிடைக்கிறது. ஒரு நாளில் போய் வரக்கூடிய இரண்டு ஊர்களுக்குள் மும்மடங்கு வேறுபாடு!

நம் காடுகளைப் படிப்படியாகப் பிரித்து எழுதியவர் சைமிங்டன் என்ற வன அதிகாரி. நமக்கு அண்டையிலுள்ள கெப்போங்கில் 1929இல் அமைந்த வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர் அவர். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் மரம் நட்டுக் காடாக்கிய இடம் அது. 2025இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அதனை ஏற்றுக்கொண்டது. சைமிங்டனின் நூல் 1943இல் வெளிவந்தது. அவர் வகுத்த படிகளை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் வட்டாரத்திலிருந்து கிழக்கே தெரியும் உலு காலி மலைக்கு ஏறிப் பார்ப்போம். கெந்திங் விடுதிகள் இருக்கிற மலைதான் அது. உயரம் ஏறத்தாழ 1,770 மீட்டர், அதாவது 5,800 அடி.

அடிவாரத்தில் மெராந்தி, கெருவிங் போன்ற நெடுமரங்கள். 1,000 அடிக்கு மேல் மலைமுகடுகளில் சாம்பல் பச்சைத் தலையோடு செராயா மரங்கள். 4,000 அடி ஏறினால் இந்த மரக்கூட்டம் முடிந்துவிடும். ஓக் மரமும் புன்னைக்கு உறவான மரங்களும் லவங்க இனத்து மரங்களும் வரும். 5,000 அடியில் எல்லாம் தலைகீழாக மாறுகிறது. கீழே 150 அடி உயர்ந்த மரம் எங்கே, இங்கே ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வளைந்து நெளிந்து நிற்கும் மரம் எங்கே! இலைகள் சிறுத்துத் தடித்துத் தோல்போல் ஆகிவிட்டன. அடிமரம், கிளை, வேர், பாறை எல்லாவற்றின் மேலும் பாசி. தண்ணீரில் நனைத்த பஞ்சுமெத்தையைப்போல் அது கையில் பிழிபடும். பாசிக்குள் ஆர்க்கிட், பெரணி, ரோடோடென்ட்ரான் ஆகியவை வேர்விட்டிருக்கும்.

என்ன நடந்தது? 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் தண்ணீர் ஆவியாகிப் போவது குறைவு. அதைவிட முக்கியம், மேகம். நாம் கீழேயிருந்து பார்க்கும்போது மலையுச்சியில் தொப்பி வைத்ததுபோல் தெரிகிற மேகம், அங்கே நிற்பவனுக்கு மூடுபனி. அது மழையாக விழுவதில்லை. காற்றோடு கிடையாக வந்து இலையிலும் பாசியிலும் மோதித் துளியாகிச் சொட்டுகிறது. கிராணியின் குழாய் வாயை மேலே பார்த்தபடி நிற்கிறது. பக்கவாட்டில் வருகிற இந்த நீரில் பெரும்பகுதியை அது பிடிப்பதில்லை. ஏட்டில் எழுதப்படாத மழை இது. பெய்கிற மழை எவ்வளவு என்பதைவிட, வந்த ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே மலைச்செடிக்கு முக்கியம். நம்மிடம் பிற்பகலில் இரண்டு அங்குலம் கொட்டிய மழை மறுநாள் பத்து மணி வெயிலில் காய்ந்துவிடுகிறது. உலு காலியின் உச்சியில் பாசி உலர்வது அபூர்வம்.

ஈரம் மிகுந்தால் எல்லாச் செடிக்கும் கொண்டாட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓயாத நீர் மண்ணிலுள்ள சத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. விழுந்த இலை குளிரிலும் ஈரத்திலும் எளிதில் மக்குவதில்லை; புளித்த கருமண்ணாகக் குவிகிறது. நம் தோட்டத்து மொழியில் சொன்னால், அது உரம் போடாத நிலம். பெருமரங்களுக்கு அங்கே வயிறு நிறையாது. அவை விட்டுப்போன இடத்தில், பசியைத் தாங்கத் தெரிந்த சிறு செடிகள் பல வகையாகப் பெருகுகின்றன. அவற்றில் ஒன்று மலாய்க்காரர்கள் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குப் பானை என்று அழைக்கும் கெண்டிச்செடி. இலை நுனியில் மூடியோடு கூடிய ஒரு சிறு கெண்டியைத் தொங்கவிட்டு, அதில் விழுந்த எறும்பையும் பூச்சியையும் கரைத்து உணவாக்கிக்கொள்கிறது. மழை கழுவிக்கொண்டு போன சத்தை மண்ணில் தேடாமல் காற்றில் பறப்பதிலிருந்து பெறுகிற உபாயம் அது. கெந்திங் மலையில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. சுங்கை பூலோ பூச்செடித் தோட்டங்களைப் பற்றி அறிந்தவர்களுக்குத் தெரியும்: மலையிலிருந்து பிடுங்கி வந்த கெண்டிச்செடி இங்கத்திய வெயிலில் கெண்டி விடுவதை நிறுத்தி, நாளடைவில் வாடிவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை. ஊற்றுகிற தண்ணீர் வேறு. மேகத்தின் ஈரம் வேறு.

கெண்டிச்செடிகளின் அரசனைக் காண வேண்டுமானால் சபாவிலுள்ள கினபாலு மலைக்குப் போக வேண்டும். 4,095 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் 1851இல் முதன்முதலாக ஏறிய ஐரோப்பியர் ஹியூ லோ. பின்னாளில் பேராக்கில் ரெசிடெண்டாக இருந்தவரும் அவரே. 1858இல் அவரும் ஸ்பென்சர் செயின்ட் ஜானும் மீண்டும் சென்றபோது, இரண்டு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும் கெண்டியைக் கண்டார்கள். ஒன்றில் எலி மூழ்கிக் கிடந்தது. சரவாக் ராஜா புரூக்கின் நினைவாக அச்செடிக்கு ராஜா என்றே பெயரிடப்பட்டது. அண்மைக் காலத்தில் தெரியவந்த செய்தி இன்னும் வேடிக்கையானது. மலையிலுள்ள மூஞ்செலி போன்ற சிறு பிராணி, கெண்டியின் மூடியில் சுரக்கும் இனிப்பை நக்க வந்து, கெண்டியின் மேலேயே உட்கார்ந்து எச்சமிட்டுச் செல்கிறது. செடிக்கு அதுவே உரம்!

அந்த ஒரு மலையிலும் அதன் சாரலிலும் 5,000க்கும் மேற்பட்ட தாவர வகைகள் வளர்கின்றன. ஆர்க்கிட் மட்டும் ஏறத்தாழ 700. இவ்வளவு எப்படி வந்தன? கார்னர் என்ற தாவரவியலார் 1961லும் 1964லும் அங்கே ஆராய்ச்சிப் பயணங்களை நடத்தினார். 1964இலேயே மலை தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. அடுத்து வந்தவர்கள் ஆராய்ந்தபோது ஓர் எதிர்பாராத கருத்து எழுந்தது. மழை மிகுதியோடு, சில ஆண்டுகளில் மழை இல்லாமற்போவதும் இந்த வகைப் பெருக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அது. எல் நினோ எனப்படும் பசிபிக் கடலின் வெப்ப மாற்றம் வரும் ஆண்டுகளில் கினபாலுவில் மேகம் குறைந்து வறட்சி உண்டாகிறது. முகட்டில் நிற்கும் செடிகள் கூட்டமாக மடிகின்றன. காலியான இடத்தில், தப்பிப் பிழைத்த சிலவற்றின் விதைகள் புதிய வழியில் வளர இடம் கிடைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் இப்படியே போனால் புது வகைகள் தோன்றும் என்று தாவரவியலார் சிலர் கருதுகின்றனர். மெய்ப்பிக்கக் கடினமான கருத்துதான். என்றாலும் எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. வறட்சி சில காலத்துக்கு ஒருமுறை வருமானால் காடு மீளும். அடிக்கடி வந்தால் மீள்வதற்கு நேரமிருக்காது.

1997, 1998ஆம் ஆண்டுகளில் அப்படியொரு கடும் எல் நினோ வந்தது. கினபாலுவின் மலைக்காடு காய்ந்தது. பூங்காவுக்குள் தீயும் பிடித்தது. அதே வறட்சியில்தான் 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பஞ்சம் ஏற்பட்டு, குடங்களோடும் வாளிகளோடும் லாரியை எதிர்பார்த்து மக்கள் வரிசையில் நின்றார்கள். கினபாலு எங்கோ கடலுக்கு அப்பால் இருப்பதாகத் தோன்றினாலும், காய்ந்த வானம் இரண்டு இடத்துக்கும் ஒன்றே.

மலையின் மேல் நம்மவர் கை பட்ட கதையும் உண்டு. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் எல்லையில் ஒரு மலைப்பீடத்தைக் கண்டதாக எழுதினார். அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, செங்குத்தான சரிவுகளில் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில் தமிழர் பலர். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் பரவலாக மழை வேண்டும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. மலைச்சரிவு இரண்டையும் கொடுத்தது. தேயிலைப் புதர் வேரால் மண்ணை ஓரளவு பிடித்துக்கொள்ளும். பின்னர் வந்த காய்கறித் தோட்டங்கள் பலவற்றில் மண்ணைத் திறந்து போட்டதால், மழை அதை ஆற்றில் சேர்த்தது. ரிங்லெட்டில் 1963இல் இயங்கத் தொடங்கிய சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் சேற்றால் நிரம்பிக்கொண்டே வந்தது. 2013 அக்டோபரில் ஓர் இரவு, கனமழையில் அணை நீரைத் திறந்துவிட வேண்டியதாகி, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பாசிக்காடு இருந்தபோது அந்த மழையைக் கஞ்சிவடிப்பது போல் கொஞ்சங்கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தது. காடு போனபின் அதே மழை ஒரே மூச்சில் இறங்குகிறது.

உலு காலி நமக்கு இன்னும் நெருக்கமானது. அதன் மேற்குச் சரிவில் ஊறும் நீர் பத்தாங் காலி ஆறாகிச் சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி அந்த ஆற்றிலிருந்து வருகிறது. மலைக்குச் சாலை போடும் வேலை 1965இல் தொடங்கி, 1971இல் முதல் விடுதி திறக்கப்பட்டது. பெஞ்சமின் ஸ்டோன் என்ற தாவரவியலார் உச்சியிலுள்ள செடிகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து 1981இல் வெளியிட்டார். கட்டடங்கள் பெருகிவந்த காலத்தில், எஞ்சியிருப்பதற்குப் பெயர்ப்பட்டியல் எடுத்துவைத்ததுபோன்ற வேலை அது. டாக்ரிடியம் என்ற இனத்தைச் சேர்ந்த ஊசியிலை மரம் ஒன்று அதில் இடம்பெறுகிறது. தீபகற்பத்தின் ஒரு சில உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. வெப்பம் கூடினால் மேகம் தங்கும் உயரமும் மேலே போகும் என்று வானிலை அறிஞர் அஞ்சுகின்றனர். நடுச்சரிவிலுள்ள செடிக்காவது மேலே ஏற இடமுண்டு. இந்த மரம் ஏற்கனவே உச்சியில் நிற்கிறது.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கெந்திங் மலைக்குப் போகிறவர்கள் அடுத்த முறை கேபிள் காரில் ஏறும்போது சன்னல் பக்கம் உட்கார வையுங்கள். பாதி வழி வரை மரங்களின் தலை தனித்தனியாக, காலிஃபிளவர்போல் தெரியும். சின் சுவீ கோயிலைத் தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, தலைகள் ஒன்றோடொன்று ஒட்டி வெட்டிவிட்ட புல்தரைபோல் ஆகும். வண்டியின் கண்ணாடியில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நீர் கோத்துக்கொள்ளும். மழை பெய்யவில்லையே, கண்ணாடி ஏன் நனைகிறது என்று பிள்ளை கேட்டால், கீழே குனிந்து அந்தக் குட்டை மரங்களைக் காட்டுங்கள்.